இடது காதோரம் ஒரு சரசரப்பு

ஜனவரி 9, வியாழன்

கண்ணீர் அஞ்சலி.

தோற்றம்: அக்டோபர் 5. மறைவு: இன்று காலை 7.10.

பதினான்கு ஐஸ் ஹாக்கி ஆட்டங்களில் என் காலைக் கட்டிக் காத்து, இருபத்து மூன்று கோல்களுக்குத் துணை நின்று, ஒரு நாளும் தண்ணீரைத் தீண்டாமல் தவ வாழ்வு வாழ்ந்த என் இடது காலுறை, அம்மாவின் கையால் துவைக்கப்பட்டு அகால மரணம் அடைந்ததை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இவண், துயரத்தில் வாடும் வலது காலுறை.

"அது தானா நடக்க ஆரம்பிச்சிடுச்சுடி டார்யா. வாஷிங் மெஷின்கிட்ட அதுவே வந்து நின்னுச்சு" என்கிறாள் அம்மா.

ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியில் எதையும் துவைக்கக் கூடாது என்பது இந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ரிங்க்கில் பனித்தளம் மெழுகும் வண்டியைப் பதினோரு வருஷமாக ஓட்டும் அம்மாவுக்குத் தெரியாதாம்.

பழிவாங்கும் படலம் யோசிக்க வேண்டும். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது: செய்த குறும்புகள் 61. பிடிபட்டவை 0. வயது பதினேழு, சட்டை எண் பதினேழு, கோல் இருபத்து மூன்று, குற்றம் பூஜ்யம். கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் இப்படி ஒரு கணக்கு யாருக்கும் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முன் நடுவரின் கையுறைக்குள் ஷேவிங் நுரை இருந்ததே, அதற்குக்கூடச் சாட்சி இல்லை. கோச் வீபே மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இன்னொண்ணு நடந்து, அது நீதான்னு எனக்குத் தெரிஞ்சா, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடு. திரும்பி வராத."

அவர் விளையாட்டுக்குச் சொல்பவர் இல்லை. அணி இல்லையென்றால் என்னைப் பார்க்க எந்தப் பல்கலைக்கழகமும் வராது. அப்புறம் நான் என்ன செய்வேன்? பனியில் நிற்பதைத் தவிர வேறு பணி எதுவும் கற்றுக்கொள்ளவில்லையே.

ஜனவரி 12

பட்டியலில் இல்லாத ஒரே பெயர் ஜோலீன் லாவலே. ஆறு வயதிலிருந்து என் தோழி, எங்கள் வலையைக் காக்கும் கோலி. ஒரே கோலி. இன்னொருத்தி இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

ஆட்ட நாளில் கோலியிடம் யாரும் பேசக் கூடாது. அவள் சாமானைத் தொடக் கூடாது. பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருக்க வேண்டும். அதனால்தான் ஜோ இத்தனை நாள் தப்பித்தாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஆட்டம் இல்லை. பயிற்சி. சட்டத்தில் ஓட்டை.

தவிர, அவள் சிரித்தே இரண்டு மாதம் ஆகிறது. 31ஆம் தேதி பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஒரு அம்மா அவள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். அது தெரிந்த நாளிலிருந்து இவள் சாப்பிடுவதும் எண்ணி, நடப்பதும் எண்ணி. நான் செய்யப்போவது ஒரு வகையில் மருத்துவ சேவை.

ஜனவரி 13

நாளை. ஒளி ஊடுருவும் டேப். மற்றவை வரலாற்றில்.

ஜனவரி 14, செவ்வாய்

நல்ல பகுதியை முதலில் எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் நடைவழியில் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோவின் ஸ்கேட்டுகள் பெஞ்சுக்கு அடியில். காலுறையைச் சுற்றிக் கட்டும் டேப்பில் ஒரு முழம் எடுத்துப் பல்லால் கடித்து அறுத்தேன். (எட்டாம் வகுப்பில் ஒரு பக், நாங்கள் அடிக்கும் அந்தக் கெட்டி ரப்பர் வட்டு, பறந்து வந்து என் முன்பல்லில் பாதியைக் கொண்டுபோனதிலிருந்து கத்தரிக்கோல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.) வலது ஸ்கேட்டில் எஃகு அலகின் அடியில் நீளமாக ஒட்டி நகத்தால் நீவினேன். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தளத்தில் கால் வைத்ததும் பிடிமானம் இல்லாமல் ஆள் பொத்தென்று உட்காருவாள். எல்லோரும் சிரிப்பார்கள், விழுந்தவளும் சிரிப்பாள். ரிங்க்குகளில் இதைவிடப் பழைய வேடிக்கை கிடையாது. கோலிக்கோ உடம்பெல்லாம் மெத்தை, அடிபட வழியே இல்லை.

பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சீட்டியடித்தேன். நான் அங்கேதான் இருந்தேன் என்பதற்கு ஊரே சாட்சி சொல்ல வேண்டுமல்லவா.

வெளியே வந்தபோது சிரிப்புச் சத்தம் இல்லை.

ஜோ வலைக்கு முன்னால் மல்லாந்து கிடந்தாள். இடது முட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கோச் மண்டியிட்டு அவள் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"தெரியல. இப்பத்தான் உள்ள இறங்கினா" என்றாள் ஒருத்தி.

கோச்சின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாமான் மூட்டையும் கூடவே போனது.

வலது காலில் ஒட்டினேன். போனது இடது முட்டி. இது எப்படி? வலது கால் வழுக்கினால் பாரம் இடது காலில் விழுமா? விழும். இல்லை, விழாதா?

பட்டியலில் 62 என்று எழுதினேன். அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

ஜனவரி 15

ரிங்க்கின் பின்புறம், அம்மாவின் வண்டி சுரண்டிய பனியைக் கொட்டும் குவியல் ஒன்று உண்டு. ஆள் உயரம். ஸ்கேட்டிலிருந்து டேப் கிழிந்து தளத்தில் விழுந்திருந்தால், நேற்றைக்கு மெழுகிய பனியோடு அங்கேதான் வந்திருக்க வேண்டும். மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில் உடைந்த மட்டையால் ஒரு மணி நேரம் கிளறினேன். வெள்ளைப் பனிக்குள் நிறமே இல்லாத டேப். தேடுகிறவளுக்கு மூளை இருக்கிறதா என்று யாராவது கேட்டிருக்கலாம்.

அம்மா கேட்டாள். "என்னடி தேடுற?"

"தோடு."

"நீ தோடு போட்ட காலத்துல நான் எங்க போயிருந்தேன்?"

அகப்பட்டால் குற்றவாளி. அகப்படாவிட்டால் நான் என்ன? நிரபராதியா, சாமர்த்தியசாலியா? அகப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தோண்டினேனா, அகப்படக் கூடாது என்றா என்பதும் தெரியவில்லை.

அகப்படவில்லை.

ஜனவரி 16

முட்டித் தசைநார் அறுந்திருக்கிறது. ஜோவுக்கு இந்த ஆட்டப் பருவம் முடிந்தது. 31ஆம் தேதியும் முடிந்தது.

உடைமாற்றும் அறையில் கோச் பேசினார். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், எங்களையும் பேருந்துப் பிள்ளைகள் மாதிரிதான் தலையெண்ணிப் பார்ப்பார். "சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. வலையில நிக்க ஆள் வேணும். யாரு?"

மற்ற பதினைந்து பேரும் குனிந்து அவரவர் ஸ்கேட் கயிற்றை முடிந்தார்கள்.

ஒரு கை தூக்கியிருந்தது. யாருடையது என்று பார்த்தால் என்னுடையது.

"ஹலூ, இதுவும் உன் விளையாட்டா?" என்றார் கோச். எங்கள் குடும்பப் பெயர் ஹலுஷ்கா. அணியில் நான் ஹலூ.

"இல்ல கோச்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜோக் அடிக்காமலே மக்கள் சிரித்தது இதுதான் முதல் முறை.

ஏன் தூக்கினேன்? அவளுக்குச் செய்ததற்கு ஈடாகவா? வாயைத் திறந்து சொல்வதற்குப் பதில் கையைத் தூக்கினேனா? வாய்க்குப் பயம், கைக்கு இல்லை. என்ன உடம்பு இது.

ஜனவரி 17

ஜோ வீட்டுக்குப் போனேன். நீள சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"என் கால் பேடு, என் கையுறை, என் முகமூடி எல்லாம் எடுத்துக்கோ" என்றாள். "முகமூடியப் பத்திரமா பாத்துக்கோ. என் தலைய விட அது நல்லா வேலை செய்யும்."

"என் தலைக்குச் சேருமா?"

"உள்ள ஒண்ணும் இல்லாத தலைதானே. எதுக்குள்ளயும் போகும்."

மூட்டையைக் கட்டும்போது அவளுடைய வலது ஸ்கேட்டைத் திருப்பிப் பார்த்தேன். டேப் இல்லை. பசைகூட இல்லை. அப்படியென்றால் தளத்தில்தான் கிழிந்திருக்கிறது. இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் யாராவது...

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வலிக்குதா?" என்று வந்தது.

"நீ கோல்ல நிக்கறத நினைச்சாத்தான் வலிக்குது."

ஜனவரி 18

ஒன்றுக்கு ஏழு என்று தோற்றோம். எண்ணியது நானில்லை, மின்பலகை. பன்னிரண்டு வருஷமாகப் பக்கை வலைக்குள் போட்டவள் இன்று வலைக்குள் மாட்டினேன். ஒரு தடவை சொந்தப் பேடில் தடுக்கி, கோலி என்ற பெயருக்கு ஏற்றபடி உருண்டேன்.

இன்னொன்று. தலையை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் முகமூடிக்குள், காதுக்குப் பின்னால், சரசரவென்று ஒரு சத்தம். பஞ்சு மெத்தையைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

ஜனவரி 22

பயிற்சியில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். எதிரே வருகிறவள் எங்கே அடிப்பாள் என்று யோசிக்க வேண்டியதில்லை. நானாக இருந்தால் எங்கே அடிப்பேன்? அங்கேதான் அடிக்கிறாள். எல்லோருமே.

ஜோவிடம் தொலைபேசியில் சொன்னேன். "இது எனக்கு வரவே வராதுடி. நான் பக்கை மட்டும்தான் பாப்பேன்" என்றாள்.

பொறாமையா அது, பாராட்டா? அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு சந்தோஷம் என்றால் போனை வைத்துவிட்டு என்னையே கிள்ளிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, வலிக்கும்படி.

ஜனவரி 25

இரண்டுக்கு இரண்டு. முப்பத்தொரு அடிகளைத் தடுத்தேன்.

சரசரப்பு நிற்கவில்லை. மனசாட்சி என்பது நெஞ்சுக்குள் இருக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்கு இடது காதுக்குப் பின்னால்.

ஜனவரி 31, வெள்ளி

வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஜோ விளையாடவில்லை என்று தெரிந்தும் பல்கலைக்கழக அம்மா வந்துவிட்டார். எதிரணியில் தடுப்பாட்டக்காரி ஒருத்தியைப் பார்க்க வேண்டுமாம். ஜோ ஊன்றுகோலோடு மேல்வரிசையில். என் அம்மா பனி மெழுகும் வண்டிக்குள் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தாள்.

இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால். பதினொரு வினாடி பாக்கி. அவர்களுடைய எண் ஒன்பது, நெட்டைப் பெண், எங்கள் தடுப்பை உடைத்துக்கொண்டு தனியாக வந்தாள். அவளும் நானும் மட்டும். நான் பதறவில்லை. அவள் கண்களைப் பார்த்தேன். புத்தகம் படிப்பது போலப் படித்தேன். வலது மூலையைப் பார்ப்பது போலப் பாசாங்கு, எண்ணமோ இடது மூலை. மட்டை அசைவதற்கு முன்பே இடப்பக்கம் சாய்ந்துவிட்டேன். பக் வந்து என் இடது பேடில் பணிவாக உட்கார்ந்தது.

எல்லோரும் என்மேல் விழுந்தார்கள்.

நடைவழியில் பல்கலைக்கழக அம்மா என்னை நிறுத்தினார். "எத்தனை வருஷமா கோல்ல நிக்கிற?"

"பதினஞ்சு நாளா."

சிரித்தார். "நல்லா ஜோக் அடிக்கிற."

முதல் தடவையாக நான் உண்மை சொன்னேன், அது ஜோக் கணக்கில் போய்விட்டது.

மேல்வரிசையைப் பார்த்தேன். ஜோ ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோல் விழுந்தது. எடுக்காமல் தட்டினாள்.

பிப்ரவரி 4

பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கோடை முகாமுக்கு அழைப்பு. கோலி இடம் ஒன்றே ஒன்று. முகாமில் தேறினால் படிப்பும் ஆட்டமும் அங்கேயே. ஞாயிறுக்குள் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

அதே இடம். ஜோவுக்கு என்று வைத்திருந்த அதே ஒரு இடம்.

அம்மா அழுதாள். "காலுறையத் துவைச்சதுதான் ராசி" என்றாள்.

பிப்ரவரி 5

நான் கோல் அடிப்பவளா, தடுப்பவளா?

இன்று பயிற்சி முடிந்து என் பழைய மட்டையை எடுத்துச் சும்மா பத்து பக் அடித்துப் பார்த்தேன். பத்தும் உள்ளே போயின. ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு வெறும் வலைக்கு முன்னால் போய் நின்றேன். யாரும் இல்லை, சத்தம் இல்லை, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நான். அங்கேதான் இருக்க வேண்டும் போல இருந்தது.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் பிரச்சினை. பிடிக்காமல் இருந்தால் தண்டனை என்று நினைத்துக்கொண்டு நின்றிருப்பேன். தோழியின் முட்டியை உடைத்து, அவள் முகமூடியை மாட்டி, அவள் இடத்தில் நின்று, அது பிடித்தும் போனால் அதற்கு என்ன பெயர்?

சொன்னால் சட்டை ஆணிக்குப் போகும், முகாமும் போகும். சொல்லாவிட்டால் எங்கே போனாலும் இந்தச் சரசரப்பு கூடவே வரும். யாரிடம் கேட்பது? கேட்க வேண்டிய ஆள் ஒருத்திதான். அவளிடம்தான் கேட்க முடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

போய்விட்டு வந்தேன்.

ஜோ கெட்சப் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள், விரலெல்லாம் சிவப்பு. எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக நாலு நகைச்சுவை தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நான்தான்டி."

"என்ன நீதான்?"

"டேப். அன்னைக்கு. உன் வலது ஸ்கேட்ல."

மெல்லுவதை நிறுத்தினாள். "எந்த டேப்?"

சித்திரவதை செய்கிறாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கழிவறை, சீட்டி, பனிக்குவியல், தோடு, ஸ்கேட்டைத் திருப்பிப் பார்த்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்து மூணு நாளா இதையா தூக்கிட்டுத் திரியுற?"

"ஆமா."

"ஹலூ. அந்த டேப்ப நான் அப்பவே பிச்சுட்டேன்."

நான் உட்கார்ந்தேன். கீழே ஒரு பூனை இருந்தது, அது எழுந்து போனது.

"ஸ்கேட் மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு அலகையும் நகத்தால தடவிப் பாக்காம நான் என்னைக்காவது இறங்கியிருக்கேனா? எல்லாக் கோலியும் பாப்பாங்க. நீங்க கோல் அடிக்கற கூட்டம், கூர் இருக்கா இல்லையான்னுகூடப் பாக்காம குதிப்பீங்க. ஒட்டினது யாருன்னு முனையப் பாத்ததுமே தெரிஞ்சுது. நடுவுல ஓட்டை விட்டுக் கடிக்கற பல்லு இந்த ஊர்ல ஒண்ணுதான்."

"பிச்சு எங்க போட்ட?"

"முகமூடிக்குள்ள ஒட்டி வெச்சேன். பயிற்சி முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் உன் நெத்தியில ஒட்டலாம்னு. அப்புறம் முட்டி போச்சு. யாருக்கு அது ஞாபகம்."

"அப்போ எப்படி விழுந்த?"

சிப்ஸ் பையை மடித்தாள். திரும்பவும் பிரித்தாள். மடித்தாள்.

"நவம்பர்லயே போயிடுச்சு. பக்கவாட்டுல சறுக்கினா முட்டி பூட்டிக்கும். மாத்திரை போட்டுக்கிட்டு நின்னேன். முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் தாங்கும்னு நினைச்சேன். கோச்சுக்குத் தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரியாது."

அதனால்தான் எண்ணி எண்ணி நடந்திருக்கிறாள். நான் அதைப் பதற்றம் என்று நினைத்து மருத்துவ சேவை செய்யப் போனேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள். "ஆனா நீ ஒட்டினது ஒட்டினதுதான். என் முகமூடிய மாட்டிக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, சொல்லாம இருந்தியே. அது எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கோவமா இருக்கும்."

"சரி."

"படிவம் அனுப்பினியா?"

"அது உன் இடம்."

"ஏப்ரல்ல ஆபரேஷன். இந்தக் கோடை எனக்கு இல்ல, உன்னாலயும் இல்ல, யாராலயும் இல்ல. நீ அனுப்பலன்னா உன் பேர்ல நானே அனுப்புவேன். பொழுதுபோக்கு: பூத்தையல்னு போடுவேன்."

பிப்ரவரி 7

மெத்தையைக் கழற்றி விரலால் தடவினேன். இடது காதுக்குப் பின்னால் ஒரு முழம் டேப், ஓரம் பிரிந்து. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முனையில் என் பல்.

கோச்சிடமும் சொன்னேன். வேலை செய்யாத குறும்பு என்றாலும் குறும்புதானே. ஜோவின் நவம்பரை நான் சொல்லவில்லை. அதை அவளே நேற்றுப் போன் செய்து சொல்லிவிட்டாளாம்.

பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி கோச் வைப்பரை ஒரு தடவை ஓட்டி நிறுத்தினார். "நீயா வந்து சொன்னதால சட்டை உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா பருவம் முடியற வரைக்கும் டீம் மொத்தத்தோட காலுறையையும் நீதான் துவைக்கணும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு அப்புறமும்."

"ஜெயிச்சா கூடவா கோச்?"

"ஜெயிச்சா ரெண்டு தடவை."

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முப்பத்திரண்டு காலுறைகளுக்கு இறுதிச் சடங்கு செய்தேன். அம்மா துணி உலர்த்தியின் மேல் உட்கார்ந்து மேற்பார்வை.

கடைசிப் பக்கத்தையும் திருத்தினேன். குறும்புகள் 61. அறுபத்திரண்டாவதற்கு எதிரே "பலிக்கவில்லை" என்று எழுதினேன். பிடிபட்டவை என்ற இடத்தில் பூஜ்யத்தை அடித்தேன். மற்ற அறுபத்தொன்றும் யாருடைய வேலை என்று அணி முழுக்க அப்போதே தெரியுமாம். ஜோ சொன்னாள். பாவம் என்று விட்டார்களாம்.

இன்னும் ஒன்று பாக்கி. யாருக்கும் தெரியாதது. ஜனவரி 31 பக்கத்தில் எழுதியிருக்கிறேனே, கண்ணைப் படித்தேன், புத்தகம் போல, என்றெல்லாம். பொய். அந்த நெட்டைப் பெண் வந்தபோது பயத்தில் அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை. காதுக்குப் பின்னால் சரசரவென்றது. சனியனே என்று அதைத் திட்டுவதற்கு இடப்பக்கம் தலையைத் திருப்பினேன், உடம்பும் கூடவே சாய்ந்தது, பக் எங்கிருந்தோ வந்து பட்டது. எல்லோரும் மேலே விழுந்த பிறகுதான் தடுத்திருக்கிறேன் என்றே தெரியும்.

டேப்பை இன்னும் பிய்க்கவில்லை. துவைத்த காலுறையோடு ஆடுகிறவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டும்.

படிவத்தில் "உங்கள் பலம்" என்று ஒரு கட்டம். "எதிராளியின் கண்ணைப் படிப்பது" என்று எழுதினேன். அடித்தேன். "இடது காது" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். "இன்னும் தெரியவில்லை, வந்து பார்க்கிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.